வண்டி சொல்லும் தூரமும் அம்மா ஓட்டும் தூரமும்

எங்கள் அம்மா பிரேக் போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் போதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவாள். வேன் தானாக உருண்டு, வரட்டுமா வேண்டாமா என்று தயங்குகிற புது மருமகன் மாதிரி சிக்னலை நெருங்கும். அது போய்ச் சேர்வதற்குள் விளக்கு பச்சையாகியிருக்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே எங்கள் பரம்பரையை விசாரிப்பார்கள். அம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள். "அவ்வளவு அவசரம்னா மேல ஏறிப் போகட்டும்" என்பாள்.

அவள் ஓட்டுவது மின்சார வேன். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பும் டயாலிசிஸ் மையத்தின் வேன். காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றிவர வேண்டும், சாயங்காலம் வீடு வீடாகக் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கூல் வேன் ஓட்டினாள், டீசலில். இரண்டில் எது கஷ்டம் என்று ஒருமுறை கேட்டேன். "அதுங்க கத்தும், இவங்க முனகுவாங்க. ஆனா இவங்க சீட்டுல சூயிங்கம் ஒட்ட மாட்டாங்க" என்றாள்.

அப்பா கப்பலில் சமையல்காரர். எப்போது வருவேன் என்று அவரே சொல்வார், அப்போது மட்டும் வர மாட்டார். ஆகவே வேனை மட்டுமல்ல, வீட்டை ஓட்டுவதும் அம்மாதான். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். விட்டேன் என்பதைவிட, நாங்கள் இருவரும் பேசிப் பிரிந்தோம் என்பதே சரி. இப்போது ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வேலை. 'நாய் ஜாக்கிரதை', 'இங்கே வண்டி நிறுத்தாதீர்', எது வேண்டுமானாலும் வெட்டித் தருவோம். அம்மா சாயங்காலம் வரும் வழியில்தான் கடை. நான் வேனில் ஏறிக்கொள்வேன். சட்டப்படி கூடாதுதான். ஆனால் டயாலிசிஸ் முடிந்து தள்ளாடுகிறவர்களைக் கைபிடித்து வாசல்வரை விட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் யாரும் சட்டம் பேசவில்லை.

"நீ ஏறுனாலே ரெண்டு கிலோமீட்டர் குறையுதுடி" என்பாள் அம்மா.

"நான் இறங்கித் தள்ளட்டுமா?"

"வாயை மூடு, அதுலயும் சார்ஜ் போகுது."

வேன் புதிதாக வந்த அன்று அதை விற்ற கம்பெனி ஆள் ஒரு பளபளப்பான தாளைக் கொடுத்தார். ஒரு முழு சார்ஜுக்கு முந்நூற்று இருபது கிலோமீட்டர் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில் எறும்பு ஊர்வது போல் என்னவோ இருந்தது. அதைப் படிக்க அம்மாவுக்குக் கண்ணாடி வேண்டும், எனக்குப் பொறுமை வேண்டும். இரண்டும் அன்றைக்குக் கையில் இல்லை. முதல் வாரத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. அந்த முந்நூற்று இருபது, கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளையின் உயரம் மாதிரி. சமதரையான ரோடு, இதமான வெயில், ஏறி உட்கார ஆளில்லாத வண்டி, ஹீட்டர் போடத் தேவையில்லாத காலம், இதெல்லாம் கூடி வருகிற ஊரில் அவ்வளவு ஓடும். அப்படிப்பட்ட ஊரில் யாருக்கும் கிட்னியே கெடாது என்று நினைக்கிறேன்.

வண்டிக்குள் இருக்கும் திரை இன்னொரு எண் சொல்லும். தினமும் காலையில், இன்றைக்கு நான் இவ்வளவு தூரம் போவேன் என்று. அது தாளைவிடக் கொஞ்சம் யோக்கியம். நேற்றும் முந்தா நாளும் எப்படி ஓட்டினாய் என்று பார்த்து, இன்றைக்கும் அப்படியே ஓட்டுவாய் என்று நம்பிச் சொல்லும். நேற்று பட்டினி கிடந்தவனுக்கு இன்றைக்கும் பசிக்காது என்று நினைக்கிற புத்திசாலித்தனம் அது. மேட்டைக் கண்டதும் அந்த எண் மளமளவென்று இறங்கும். ஹீட்டர் போட்டால் கேட்கவே வேண்டாம்.

ஹீட்டர்தான் எங்கள் வேனின் தீராத வழக்கு. டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்கு உள்ளுக்குள் குளிரும். வெளியில் வெயில் அடித்தாலும் குளிரும். குளிர்காலத்தில் பல் கிட்டித்துக்கொள்ளும். வண்டியைச் சூடாக்கினால் பேட்டரி வடியும், பேட்டரி வடிந்தால் கடைசி ஆள் வீடு போய்ச் சேர முடியாது. அதனால் அம்மா ஹீட்டரைத் தொட மாட்டாள். வீட்டிலிருந்த கம்பளிப் போர்வைகளையெல்லாம் வேனுக்குக் கொண்டுபோனாள். ரப்பர் பைகள் வாங்கினாள். மையத்துக் கேண்டீனில் வெந்நீர் கேட்டு நிரப்பி ஆளுக்கொன்றாக மடியில் வைப்பாள். பகலில் சார்ஜ் ஏற்றலாமே என்று கேட்பீர்கள். மையத்தில் ஒரே ஒரு சார்ஜர்தான். அதில் பெரிய டாக்டரின் கார் காலையில் வாய் வைத்தால் சாயங்காலம்தான் எடுக்கும்.

ஒருநாள் கடையில் மிஞ்சிய மஞ்சள் தாளில் 'சும்மா சொன்னேன்' என்று வெட்டி, திரையில் தூரம் காட்டும் எண்ணுக்கு நேர் கீழே ஒட்டிவிட்டேன். இருநூற்று எழுபது, சும்மா சொன்னேன். அம்மா மறுநாள் காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. அதை வாய்விட்டு முதலில் படித்தவர் டெய்லர்தான்.

டெய்லரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு குன்று, அதன் உச்சியில் அவருடைய வீடு. வேன் போகும் இடங்களிலேயே அதுதான் தூரம், அதுதான் மேடு. வாரத்துக்கு மூன்று நாள் வர வேண்டியவர். ஒரு காலத்தில் பெரிய மனிதர்களின் இடுப்பளவெல்லாம் அவருக்கு மனப்பாடமாம், ஆனால் எவருடைய ரகசியத்தையும் வெளியில் சொல்ல மாட்டாராம். ஏறும்போதே திரையைப் பார்ப்பார். "இருநூத்தி எழுபது, சும்மா சொன்னேன்" என்று படித்து, உடம்பு குலுங்கச் சிரிப்பார். சிரித்ததும் இருமல் வரும். இருமல் நின்றதும், "எப்படிம்மா இருக்கே?" என்று அம்மாவைக் கேட்பார்.

"ஏதோ ஓடுதுண்ணா."

அம்மா யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவாள். வாயில் வைத்த ஸ்பூனோடு தூங்கி நான் பார்த்திருக்கிறேன். எழுப்பி, "ரொம்பக் களைப்பா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்" என்பாள். அப்படிச் சொன்ன மறுநாள் காலையில், அதே வாசகம் கொண்ட இரண்டாவது மஞ்சள் ஸ்டிக்கரை அவளுடைய ஸ்வெட்டர் முதுகில் ஒட்டி அனுப்பினேன். நாள் முழுக்க அதோடு திரிந்திருக்கிறாள். நர்ஸ்கள் சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் டெய்லர்தான் மெதுவாக உரித்தெடுத்து, "இது வண்டிக்கு ஒட்ட வேண்டியது, வழி தவறி இங்க வந்துடுச்சு" என்று என் கையில் கொடுத்தார். அன்றைக்கு வாங்கிய அடி கொஞ்சம் வலித்தது. அம்மாவின் வலது கால்தான் மென்மை, கை அல்ல.

அந்த வலது காலால்தான் வினையே வந்தது.

யாருக்கு எந்த வீடு, எந்த வரிசை என்று முடிவு செய்வது மையத்தின் கம்ப்யூட்டர். அதை இயக்கும் இளைஞரை அம்மா 'தம்பி' என்பாள், நான் ரூட்டுத் தம்பி என்பேன். நல்ல பையன்தான். காலையில் எங்கள் வேன் காட்டும் எண் தானாகவே அவருடைய கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அதில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும் என்று விதி. நோயாளிகள் நடுவழியில் நிற்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் யாரோ போட்ட விதி. ஆனால் அம்மா போர்வையும் வெந்நீருமாகச் சிக்கனமாக ஓட்ட ஓட்ட, வண்டி குஷியாகிக் கூடுதலாகக் காட்டும். கூடுதலாகக் காட்டினால் கம்ப்யூட்டர் இன்னொரு வீட்டைச் சேர்க்கும். அதையும் அவள் எப்படியோ ஓட்டி முடிப்பாள். மறுநாள் எண் இன்னும் கொஞ்சம் ஏறும். நன்றாக இழுக்கிற மாட்டுக்குத்தான் பாரமும் கூடும். ராக்கெட் என்று ஒரு டிரைவர் இருக்கிறார். அதே வேன், அதே பேட்டரி. சிக்னலில் சீறிப் புறப்பட்டு, அடுத்த சிக்னலில் குத்துக்கல்லாக நிறுத்துவார், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பாட்டும் கேட்பார். அவருடைய எண் நூற்று எழுபதைத் தாண்டாது. நாலு வீடு முடித்துவிட்டு வெயில் சாயும் முன்பே வீட்டுக்குப் போய்விடுவார்.

"நீயும் கொஞ்சம் மிதிச்சு ஓட்டித் தொலையேன்" என்று சொன்னேன்.

"மிதிச்சா நம்பர் இறங்கும். நம்பர் இறங்கினா கம்ப்யூட்டர் முதல்ல யாரைத் தூக்கும்?"

எனக்குத் தெரியும். எது தூரமோ அதைத்தான் தூக்கும். டெய்லரை.

அந்த வியாழக்கிழமை காற்றோடு மழையும் சேர்ந்துகொண்டது. அந்த வாரம்தான் புதிதாக ஒரு வீடு சேர்ந்திருந்தது, ஊரின் மறுகோடியில். ஹோட்டலில் கல்லாவில் உட்காருகிறவர், பெரிய உடம்பு. அவரை நாங்கள் கல்லா என்போம். நான் ஏறும்போது அவர், டெய்லர், முன்பு பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த பேப்பர் அம்மா, மூன்று பேரும் போர்வைக்குள் இருந்தார்கள். அன்றைக்கு மெஷின் பேப்பர் அம்மாவைப் படுத்திவிட்டது போல. இரண்டு போர்வை சுற்றியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கல்லா தன் போர்வையையும் கழற்றிக் கொடுத்தார். வெந்நீர்ப் பைகள் அதற்குள் ஆறிப்போயிருந்தன.

அம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

"மூணாவது பட்டனை அழுத்துடி" என்றாள்.

"அது ஹீட்டர்மா."

"தெரியும், அழுத்து."

சூடான காற்று வந்தது. அந்த வேனில் அப்படி ஒரு வசதி இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. கல்லா, "அட, முந்தா நாளு இதை எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். பேப்பர் அம்மாவின் நடுக்கம் மெல்ல அடங்கியது. திரையில் எண் அடங்கவில்லை. கண் முன்னால் இரண்டு இரண்டாக இறங்கியது. பேப்பர் அம்மாவை வாசலில் இறக்கி மருமகளிடம் ஒப்படைத்தேன். கல்லாவை இறக்க ஊரின் மறுகோடிக்குப் போய்த் திரும்பினோம். குன்றின் அடிவாரத்துக்கு வந்தபோது திரையில் பதினொன்று என்று இருந்தது. மேலே ஏறும் பாதையே ஒன்பது கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம். கீழே மஞ்சள் எழுத்தில் 'சும்மா சொன்னேன்'. அன்றைக்கு அது எனக்கே சிரிப்பாக இல்லை.

டெய்லர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "இங்கயே இறக்கி விடும்மா. நான் மெல்ல நடந்துக்கறேன். எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

"அண்ணா, அந்த மஞ்சள் ஸ்டிக்கரை உங்க நெத்தியில ஒட்டணும். பேசாம உக்காருங்க."

"நடுவுல நின்னுட்டா உன் வேலை போயிடும். போன வருஷம் ஒருத்தனை இழுவை வண்டி வச்சு இழுத்துட்டு வந்தாங்களே, அவன் எங்க இருக்கான் இப்போ?"

"அதை நான் பாத்துக்கறேன்."

ஹீட்டரை அணைத்தாள். என் ஸ்வெட்டரைக் கழற்றி டெய்லரின் மடியில் போடச் சொன்னாள். தன்னுடையதையும் கழற்றிக் கொடுத்தாள். பிறகு ஏறத் தொடங்கினாள். சைக்கிள்காரன் இறங்கித் தள்ளுகிற வேகம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கிலோமீட்டர் என்று எண் கழன்றது, பிறகு எண்ணே போய்ப் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கோடுகள் வந்தன. அடுத்த திருப்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி ஆமைப் படம் எரிந்தது. இனி வேகமாகப் போக மாட்டேன், எவ்வளவு மிதித்தாலும் இவ்வளவுதான் என்று வண்டி சொல்லும் மொழி அது.

"என்னம்மா அது?" என்றார் டெய்லர்.

"ஆமைண்ணா."

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. வண்டிக்குள்ள புகுந்தா?"

"ஏற்கெனவே உருப்படாத ஒண்ணு முன் சீட்டுல உக்காந்திருக்கு. ஆமை என்ன பண்ணிடும்?"

அந்த உருப்படாதது நான்தான். மூவரும் சிரித்தோம். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, சாலையில் எங்கே கொஞ்சம் தட்டையாக இருக்கிறதோ அந்த ஓரமாகப் பார்த்துப் பார்த்துத் திருப்பினாள். அவள் கைவிரல்கள் குளிரில் நீலம் பாரித்திருந்தன. பின்னால் டெய்லர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவர் மூச்சு விட்டால் வண்டியின் பாரம் கூடிவிடும் என்பது மாதிரி.

போய்ச் சேர்ந்தோம். டெய்லரின் மனைவி குடையோடு வாசலில் நின்றிருந்தார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "ஊர் சுத்திக் காட்டினாங்க" என்றார் டெய்லர். அவரை உள்ளே விட்டுவிட்டு வந்தபோது அம்மா ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தாள். தூங்குகிறாளோ என்று தொட்டேன். "யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

இறக்கத்தில் இந்த வண்டிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மிதிக்காமல் உருண்டு வந்தால் சக்கரம் சுற்றுவதிலேயே கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும். மூன்று கோடுகள் போய் நாலு என்று வந்தது. பிறகு ஏழு. அடிவாரத்தில் பதின்மூன்று. "போன உயிர் திரும்பி வருது பாரு" என்றாள் அம்மா. அதற்குமேல் சந்தோஷப்பட அவளிடம் தெம்பில்லை. ஸ்டிக்கர் கடையைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் நுழையும்போது ஆமை மறுபடி எட்டிப் பார்த்தது. வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு அவள் சாப்பிடாமலே படுத்தாள்.

மறுநாள் காலையில் திரை நூற்று எண்பத்தெட்டு என்றது. முதல் நாள் ஹீட்டரும் மேடும் அதற்கு அப்படியே நினைவில் இருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அது கிட்டத்தட்ட உண்மையைச் சொன்னது. நாங்கள் வேனைக் கிளப்பும் முன்பே போன் வந்துவிட்டது.

"அக்கா, நேத்து என்ன பண்ணீங்க? நம்பர் தலைகீழா விழுந்திருக்கு" என்றார் ரூட்டுத் தம்பி.

"ஹீட்டர் போட்டேன் தம்பி."

"கம்பெனிக்காரங்க முந்நூத்தி இருபதுன்னு சொல்றாங்களே!"

"எங்க வச்சு ஓட்டிப் பாத்தாங்களாம்?"

"லேப்ல, ரோலர் மேல சக்கரத்தைச் சுத்த விட்டுக்கா."

"ரோலர் மேல யாருக்கும் குளிராதா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேட்டு வீட்டை சிஸ்டம் தூக்கிடுச்சுக்கா. நாளையிலேர்ந்து அந்த ஸ்டாப் இல்ல."

"அவர் எப்படி வருவாரு?"

"கீழ பஸ் ஸ்டாப் இருக்குல்ல."

"பஸ் ஸ்டாப் கீழ இருக்கு தம்பி. வீடு மேல இருக்கு."

"புரியுதுக்கா. என் கையில இல்ல. நான் சேத்தாலும் அது ஏத்துக்காது." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை காலையில நம்பர் முன்ன மாதிரி ஏறிடுச்சுன்னா அதுவே சேத்துக்கும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

சனிக்கிழமை டெய்லர் பஸ்ஸில் வந்தார். போகும்போது இறக்கம், பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் உட்கார வைத்து உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போதுதான் கஷ்டம். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி இறங்கி வந்து, வழியில் போன பால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனாராம். போனில் அம்மாவிடம் அழுதார். "வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்னு சொல்றாரும்மா. ஒரு தடவை விட்டா ஒண்ணும் ஆகாதுங்கறாரு. இவரு பேச்சை நம்பலாமா?"

ஒரு தடவை விட்டால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த வேனில் காலியான இருக்கைகளை அவள் பார்த்திருக்கிறாள்.

"நம்பாதீங்க அண்ணி" என்றாள். போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு வண்டியைக் கழுவக் கொண்டுபோகணும். நீயும் வர்றே."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வாரத்தில் ஒரே ஓய்வு. வேனைக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோக மட்டும் அன்றைக்கு அனுமதி உண்டு. கழுவுமிடம் எங்கள் பக்கத்துத் தெரு. நாங்கள் ஏரியைச் சுற்றிப் போனோம். ஏரியைச் சுற்றித் தட்டையான ரோடு, ஒரு மேடு பள்ளம் கிடையாது. பின் சீட்டில் ஆளில்லை. ஹீட்டர் இல்லை, ரேடியோ இல்லை, கண்ணாடி இறக்கவில்லை. அந்தப் பளபளப்புத் தாளில் சொன்ன ஊரை நாங்களே ஏரிக்கரையில் உண்டாக்கிவிட்டோம். ஒரே ஒரு குறை, அதில் நாங்கள் இருவரும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வேன் தவழ்ந்தது. ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். அடுத்த சுற்றில் மறுபடி தாண்டும்போது ஜன்னலுக்குள் குனிந்து, "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

"இல்ல சார், பொய் சொல்லக் கத்துக் குடுத்திட்டிருக்கோம்" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். ஆனால் சிரித்தாள். ரொம்ப நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து. சுற்றுக்குச் சுற்று சிரிப்பு குறைந்து கண் சொருக ஆரம்பித்தது. அவள் தூங்காமல் இருக்க நான் கடையில் வெட்டிய ஸ்டிக்கர் வாசகங்களையெல்லாம் சொன்னேன். 'பேசாதே, வேலை செய்' என்று கேட்ட ஒரு முதலாளிக்கு 'வேலை செய், பேசாதே' என்று வெட்டிக் கொடுத்ததைச் சொன்னேன். அவன் வித்தியாசம் கண்டுபிடிக்கவே இல்லை என்றதும், "உன்னையும் ஒரு நாள் இழுவை வண்டி வச்சுத்தான் கொண்டுபோகப் போறாங்க" என்றாள். நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். லைசென்ஸ் எங்கே என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சில்லை.

திரையில் எண் ஒவ்வொன்றாக ஏறியது. உண்மையில் ஏறியது பேட்டரி அல்ல. பேட்டரி குறைந்துகொண்டுதான் இருந்தது. வண்டியின் நம்பிக்கைதான் ஏறியது. பசிக்காத வயிறு இது, மிதிக்காத கால் இது என்று அது மெல்ல மெல்ல மறுபடி நம்ப ஆரம்பித்தது. வியாழக்கிழமை நடுங்கிய பேப்பர் அம்மாவை, ஆமையை, ஒன்பது கிலோமீட்டர் ஏற்றத்தை, எல்லாவற்றையும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தது. அம்மாவால் அப்படி மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு கிள்ளு விழும்.

வேனைக் கழுவியும் கொண்டுவந்தோம். அனுமதி அதற்குத்தானே.

திங்கட்கிழமை விடிந்ததும் அம்மா பல்கூட விளக்காமல் வேனுக்குப் போனாள். நான் போர்வையைப் போர்த்தியபடியே பின்னால் ஓடினேன். திரை விழித்தது. இருநூற்று எழுபத்து நாலு. அதன் கீழே ஞாயிற்றுக்கிழமை கழுவலில் ஓர் ஓரம் பிய்ந்துபோன மஞ்சள் ஸ்டிக்கர். அம்மா அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டவைத்தாள்.

போன் வந்தது.

"அக்கா! நாளையிலேர்ந்து மேட்டு வீடு உள்ள வந்துடுச்சு!" ரூட்டுத் தம்பிக்கே குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "ரொம்ப நன்றி தம்பி."

"ஆனா..."

"சொல்லுங்க."

"நம்பர் முன்னைவிட நாலு கூடிடுச்சுல்ல. சிஸ்டம் இன்னொரு வீட்டையும் சேத்திருக்கு. பழைய தபால்காரர் ஒருத்தர். கல்லா வீட்டுக்கும் அந்தப் பக்கம்." அவசரமாக மேலும் சொன்னார். "நான் வேணாம்னு அழுத்திப் பாத்தேன்க்கா. ஏத்துக்க மாட்டேங்குது."

நான் வாய்க்குள் அந்தக் கம்ப்யூட்டரின் குடும்பத்தை விசாரித்தேன். அம்மா வேனின் படியில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து அந்த வாரத்தின் களைப்பெல்லாம் அவளுடைய முகத்தில் இருந்தது.

"எப்படிக்கா, ஓடுமா?" என்றார் தம்பி.

"ஓடும்" என்றாள் அம்மா.

போனை வைத்தாள். எழுந்து இருக்கைகளில் கிடந்த போர்வைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். என் பக்கம் கையை நீட்டினாள். எதற்கு என்று புரியாமல் நின்றேன்.

"நீ போத்தியிருக்கறதைக் கழட்டுடி. தபால்காரருக்கு ஒண்ணு வேணும்ல."